சும்மா இருந்த கால் மணி நேரம்

போன வாரம் இந்தத் தொடரில் ஹெலனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். "இப்படியா பாதியில் விடுவது?" என்று கோபித்துக்கொண்ட வாசகிகளுக்கு முதலில் நல்ல செய்தி. ஹெலன் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபீஸ் மீட்டிங் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவளுக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு நோய் இல்லைம்மா. நிதானம்தான் இல்லை. தினம் கால் மணி நேரம் சும்மா உட்காருங்க. போன் கூடாது, டிவி கூடாது, கையில ஒரு வேலையும் கூடாது. சும்மா!"

மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஹெலன் சந்தோஷமாக விழுங்கியிருப்பாள். இதை எப்படி விழுங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சும்மா இருக்க ஓர் இடம் வேண்டாமா? பூஞ்சேரியில் அவர்கள் வீடு இரண்டே அறை. ஒரு அறையில் நாத்தனார் ஜெசிந்தாவின் தையல் மெஷின் ஓடும். இன்னொரு அறையில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெஸ்ஸி ஓடுவாள். சிறுசேரி ஆபீஸிலோ ஹெலன் டீம் லீடர். எட்டு பேருடைய தப்புக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் பாத்ரூமில் போய் உட்கார்ந்து பார்த்தாள். கதவை ஜெசிந்தா இடித்தாள்.

"அண்ணி, உள்ள இன்னா பண்ற? மயக்கம் கியக்கம் வந்துட்ச்சா?"

ஹெலனுக்குத் தன் கணவன் மோசஸ் மேல் பொறாமையாக இருந்தது. அவன் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன். காலையில் கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால், சாயங்காலம் வெளியே வரும்வரை அவனை யாரும் கூப்பிட முடியாது. எவ்வளவு பெரிய வரம்!

"உனக்கு மட்டும் கவர்மென்ட்டே நிம்மதி குடுத்துக்கீது" என்பாள்.

மோசஸ் சிரிப்பான். கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாகத்தான் வந்தது. அதையெல்லாம் நின்று பார்க்க ஹெலனுக்கு ஏது நேரம்?

கடைசியில் அவளும் தனக்கென்று ஒரு கேட் கண்டுபிடித்தாள்.

காலை ஷிப்டு முடிந்து ஆபீஸ் வேன் அவளைப் பூஞ்சேரி முனையில் நாலு மணி வாக்கில் இறக்கிவிடும். அங்கே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரை எடுத்து வீட்டுப் பக்கம் திருப்பாமல் கடல் பக்கம் திருப்பினாள். ஈசிஆர் ரோட்டைத் தாண்டி ஒரு மண் பாதை. அதன் முடிவில் யாரோ மனை போட்டு விற்காமல் விட்டுப்போன இடம், அதைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு, பாதியில் நின்றுபோன ஒரு காம்பவுண்டுச் சுவர். கல்யாணமான புதிதில் மோசஸ் பைக்கில் கூட்டிவந்து காட்டிய இடம்தான். வண்டியைச் சுவருக்குக் கடல் பக்கமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியில் போனை வைத்துப் பூட்டிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

யூடியூபில் ஒரு அம்மாள் சொல்லிக்கொடுத்திருந்தார்: "சத்தங்கள் வரும், போகும். எதன் பின்னாலும் போகாதீர்கள்." ஹெலன் நல்ல மாணவி. சொன்னதை அப்படியே செய்தாள்.

மூன்று வாரமாக இது நடக்கிறது. வீட்டில் கேட்டால், வேன் லேட் என்று ஒரு பொய். நல்ல காரியத்துக்குச் சொல்கிற பொய்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இந்த வீட்டின் சட்டம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே நாளில் மூன்று பேரும் பால் வாங்கி வந்து, ஒருவரும் காய் வாங்காமல் வந்ததிலிருந்து ஜெசிந்தா போட்ட சட்டம் அது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு வேலையைப் போட்டால், அதன் கீழே யார் கட்டை விரல் வைக்கிறார்களோ, அந்த வேலை அவர்களுடையது. மற்றவர்கள் அதை மறந்துவிடலாம்.

"வெரல் வெச்சா வெச்சதுதான். அப்பறம் பேச்சே கெடையாது" என்று ஜெசிந்தா கறாராகச் சொல்லியிருந்தாள். சட்டம் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

காலையில் ஹெலன் கிளம்பும்போது ஜெஸ்ஸி தண்ணீர் பாட்டிலின் மூடியோடு விளையாடிக்கொண்டு இட்லியைப் பார்க்காமல் இருந்தாள். "மொதல்ல அதைக் கீழ வை" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, மோசஸின் நீலச் சாப்பாட்டுப் பையில் டப்பாவை வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, ஹெலன் வேனுக்கு ஓடினாள்.

அவள் மீட்டிங்கில் இருந்தபோது மோசஸ் குரூப்பில் எழுதினான். "ஆபிரகாம் ஆட்டோ இன்னிக்கு வராது. மச்சான் வூட்ல கல்யாணமாம். சாயங்காலம் ஸ்கூல்லேர்ந்து பாப்பாவை யாராச்சும் கூட்டினு வரணும். நான் உள்ள போறேன்."

ஹெலன் அந்த நேரத்தில் ஆபீஸ் குரூப்புகளுக்கெல்லாம் வரிசையாக விரல் வைத்துக்கொண்டிருந்தாள். காலை வணக்கத்துக்கு ஒரு விரல், ரிப்போர்ட்டுக்கு ஒரு விரல், யாருடையதோ பிறந்தநாளுக்கு ஒரு விரல். அதே வேகத்தில் மோசஸ் எழுதியதற்கும் ஒரு விரல் விழுந்தது. விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா விரலைப் பார்த்தாள். அப்பாடா என்று, தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம், சுவரடியில் உட்கார்ந்த ஹெலனுக்கு முதல் தடவையாக அந்த நிம்மதி கைகூடியது.

மற்ற நாளெல்லாம் பத்து நிமிஷம் ஆபீஸை நினைத்துவிட்டு எழுந்து வருவாள். இன்று அப்படியில்லை. சவுக்கு மரங்களில் காற்று இரைந்தது, வந்தது, போனது. ஈசிஆரில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, போனது. முதுகுக்குப் பின்னால் எங்கோ டக் என்று ஒரு சின்னச் சத்தம், சற்றுப் பொறுத்து இன்னொன்று. திரும்பத் தோன்றியது. பின்னால் போகாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அதுவும் போய்விட்டது. நெஞ்சுக்குள் வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டாரை யாரோ நிறுத்திவிட்டதைப் போல இருந்தது. கண்ணில் நீர் வந்தது. எனக்குக்கூட இது வருகிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, சீட்டைத் திறந்தாள். உள்ளே போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா.

"இன்னா அண்ணி, எத்தினி வாட்டி அடிக்கறது? பாப்பாவை நிக்க வெச்சி இடுப்பளவு பாத்துச் சொல்லு. சர்ச்சுக்குக் கவுன் வெட்டணும், துணிக்கடையிலதான் நின்னுகினு கீறேன்."

"பாப்பா உன்கூடத்தானே இருக்கா?"

"என்கூடவா? நான் திருக்கழுக்குன்றத்துல கீறேன். நீதான அண்ணி கூட்டினு வந்தே?"

"நானா? ஆட்டோ..."

"ஆட்டோ வராதுன்னு அண்ணன் காலையிலயே போட்டுச்சே. நீதான வெரல் வெச்சே!"

ஹெலன் குரூப்பைத் திறந்தாள். மோசஸின் செய்தி. அதன் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டை விரல். விரலுக்குப் பக்கத்தில் அவள் பெயர்.

"ஐயோ, ஜெஸ்ஸி!" என்று ஒரு சத்தம் போட்டாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஸ்கூட்டர் மணலில் ஒருமுறை வழுக்கி, சீறிக்கொண்டு கிளம்பியது.

பள்ளிக்கூட கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் ஏசுதாஸ் உள்ளே சருகு பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! ஜெஸ்ஸி? மூணாவது படிக்கிற ஜெஸ்ஸி?"

"அல்லாப் பசங்களும் போய்ட்டாங்களேம்மா."

"யாரோட போனா?"

ஏசுதாஸ் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரத்தில் ஹெலனுக்கு உயிர் போய்விட்டது.

"ஆட்டோக்காரர் வரல. பாப்பா இங்கதான் நின்னுகினு இருந்திச்சி. அப்பறம் ஒரு அம்மா வந்தாங்க. ரோஸ் கலர் பொடவை. அவங்க பின்னாடியே போச்சி. அவங்க வூட்டு ஆளுன்னு நெனச்சேன்."

"எந்த அம்மா? பேரு இன்னா? எங்க இட்டுனு போனா?"

பயம் வந்தால் வெளியாட்களிடமும் ஹெலனுக்கு ஆபீஸ் தமிழ் போய்விடும். பிறந்த ஊர் படாளத்துப் பேச்சு வந்துவிடும்.

"தெரிலியேம்மா. மின்ன பின்ன பாத்ததில்ல" என்றார் ஏசுதாஸ். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வகுப்பு மிஸ்ஸுக்குப் போன் செய்ய ஓடினார்.

அதற்குப் பிறகு ஹெலன் எங்கெங்கே போனாள் என்று அவளைக் கேட்டால் வரிசையாகச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போனாள், பூட்டு தொங்கியது. சர்ச்சுக்குப் போனாள், நாற்காலிகள் மட்டும் இருந்தன. சிற்பக்கூடங்கள் இருக்கிற தெருவில், உளிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் கேட்டாள். ரோஜா நிறப் புடவை கட்டிய ஒருத்தியை நடுரோட்டில் வழிமறித்து, தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் யாரோ ஒரு சுற்றுலாக்காரி. மிரண்டு போய்விட்டாள்.

நடுவே மோசஸுக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆப். எப்போதும் அப்படித்தானே இருக்கும்? ஆபத்து அவசரத்துக்கு என்று அவன் கொடுத்திருந்த செக்‌ஷன் நம்பருக்கு அடித்தாள். யாரோ எடுத்தார்.

"மோசஸா? அவர் லீவுல இருக்காரேம்மா. போன வாரத்துலேர்ந்தே வரலியே. நீங்க யாரு பேசறது?"

"சரிங்க" என்று வைத்துவிட்டாள். அந்தச் சேதி காதில் விழுந்தது. உள்ளே போய் உட்கார இடமில்லை. உள்ளே முழுக்க ஜெஸ்ஸிதான் இருந்தாள்.

டீக்கடையில் ஒருவர் சொன்னார், "ஈசிஆர் திருப்பத்துல ஏதோ அடிபட்டுக் கெடக்குதுன்னாங்க."

"யாரு? பெரியவங்களா? சின்னப் புள்ளையா?"

"அது தெரிலம்மா."

அந்தத் திருப்பம் வரை அவள் வண்டி ஓட்டிய தூரத்தை நான் விவரிக்கப்போவதில்லை. பெற்றவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இயேசப்பா, என்னை எடுத்துக்கோ, அவளை வுட்டுடு என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். பைக்கிலிருந்து விழுந்த வாலிபன் ஒருவன் முழங்காலில் ரத்தத்தோடு உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். "ஸ்தோத்திரம்" என்றாள் ஹெலன். அடிபட்டவன் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுபடி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. வகுப்பு ஆசிரியை ஜெனிட்டா போலீஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். ஜெசிந்தா வழியில் கிடைத்த ஆட்டோவில் வந்து இறங்கி, ஏசுதாஸை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ரோஸ் பொடவை யாருன்னு தெரிஞ்சிடுச்சி" என்று ஜெனிட்டா மிஸ் ஓடிவந்தாள். "ஒண்ணாவது பையனோட அம்மா. ஜெஸ்ஸி அவங்க கூட ரோடு கிராஸ் பண்ணியிருக்கா. அந்தாண்ட போனதும், 'எங்க அம்மா அங்க இருக்காங்க ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டுத் தனியா நடந்து போயிருக்கா."

"எங்க இருக்காங்கன்னு?"

"அது கேக்கலியாம் அவங்க."

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடற்கரைக் கோவில் பக்கம் பாருங்கள் என்றார் ஒருவர். பஸ் ஸ்டாண்டைப் பாருங்கள் என்றார் இன்னொருவர். கடல் இன்று ஒரு மாதிரியாக இருக்கிறதென்று மூன்றாவதாக ஒருவர் ஆரம்பிக்க, ஜெசிந்தா அவரை அடிக்கவே போய்விட்டாள். போன் அடித்தது. இன்னொரு போன் அடித்தது. ஹெலனுக்கு நெஞ்சுக்குள் அந்த மோட்டார் இரட்டை வேகத்தில் ஓடியது. கை மரத்தது. அன்றைக்கு மீட்டிங்கில் வந்ததைப் போலவே பார்வை ஓரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது.

இப்போது விழக் கூடாது, விழுந்தால் அவளை யார் தேடுவது என்று நினைத்தாள்.

பள்ளிக்கூட வாசல் படியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

"அண்ணி! இன்னா இது, இப்படி ஒக்காந்துட்டே? ஏந்திரி!" ஜெசிந்தா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரே ஒரு நிமிஷம் என்னைச் சும்மா வுடு, ஜெசிந்தா."

அவள் கேட்ட விதத்தில் ஜெசிந்தா கையை எடுத்துவிட்டாள்.

'எங்க அம்மா அங்க இருக்காங்க.' எங்கே? ஆபீஸ் என்று சொல்லவில்லை. வீடு என்றும் சொல்லவில்லை. 'அங்க' என்றால், ரோட்டைத் தாண்டினால் கடல் பக்கம். கடல் பக்கம் நான் இருப்பது யாருக்கும் தெரியாதே?

மூச்சை இழுத்தாள், பாதியில் தடுக்கியது. மறுபடி இழுத்தாள். சுற்றிலும் சத்தங்கள் வந்தன. ஏசுதாஸின் அழுகை வந்தது, ஹாரன் வந்தது, ஜெனிட்டா மிஸ்ஸின் குரல் வந்தது. ஒவ்வொன்றாகப் போகவிட்டாள். பயம் மட்டும் போக மறுத்தது. சரி, நீ இரு, ஓரமாக இரு என்று அதனிடம் சொன்னாள். சுவரடிக்குப் போய் உட்கார்ந்தாள், மனசால். காற்று. லாரி. அப்புறம் என்ன கேட்டது? முதுகுக்குப் பின்னால்.

டக். சற்றுப் பொறுத்து, டக்.

தண்ணீர் பாட்டில் மூடி. பொத்தானை அமுக்கினால் டக் என்று திறக்கும். சாத்தினால் டக் என்று மூடும். ஜெஸ்ஸிக்குப் பொழுது போகாவிட்டால் கை அதில்தான் இருக்கும். 'மொதல்ல அதைக் கீழ வை' என்று தினம் காலையில் அதட்டுகிற சத்தம். பெற்ற பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அம்மாள் நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

"ஏறு வண்டியில" என்று ஹெலன் எழுந்தாள்.

மண் பாதை முடிவில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வெயில் மங்கிக்கொண்டு வந்தது. தோப்புக்குள் அதற்குள்ளாகவே நிழல் சேர்ந்திருந்தது.

"ஜெஸ்ஸி! ஜெஸ்ஸிம்மா!"

அலைச் சத்தம்தான் வந்தது.

சுவருக்குப் பின்பக்கம் ஸ்கூல் பை இருந்தது. பக்கத்தில் கறுப்பு ஷூ இரண்டும் ஒழுங்காக, சாக்ஸை உள்ளே திணித்து வைத்தபடி இருந்தன. பிள்ளை இல்லை.

"அண்ணி..." என்று ஜெசிந்தா மணலைக் காட்டினாள்.

ஷூவிலிருந்து சின்னச் சின்னக் காலடிகள் சுவரைச் சுற்றிக்கொண்டு போயின. தண்ணீர்ப் பக்கம்.

ஹெலன் சுவரைச் சுற்றி ஓடினாள், சுவரைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தாள். அலை ஆளுயரம் எழும்பி உடைந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை கரையில் ஒருவரும் இல்லை. சேலையோடு அலைக்குள் இறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. கத்தினாள். காற்று அதைத் தின்றுவிட்டது.

இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதில் கேட்டது.

டக்.

திரும்பினாள். சுவரடியில், அவள் தினம் உட்காருகிற அதே இடத்தில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஜெஸ்ஸி உட்கார்ந்திருந்தாள். கால்களை மடக்கி, கண்களை இறுக்க மூடி, மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு.

அடிக்கத்தான் கை ஓங்கினாள் ஹெலன். அந்தக் கை குழந்தையை வாரி எடுத்துக்கொண்டது. உப்புத் தண்ணீரும் மணலுமாக இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஜெசிந்தா மண்டி போட்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மண்ணில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏன்டி... ஏன்டி நீ என்னைக் கூப்பிடல? பின்னாடியேதானே இருந்தே?"

"நீ சும்மா இருந்துகினு இருந்தியேம்மா." ஜெஸ்ஸிக்கும் இப்போது உதடு துடித்தது. "அப்பறம் போனைப் பாத்துட்டுக் கத்தினே. நான் அம்மான்னு கூப்ட்டுகினே ஓடியாந்தேன். வண்டிச் சத்தத்துல உனக்குக் கேக்கல. நீ திரும்பி வருவேன்னு இங்க ஒக்காந்துக்கினேன். பயமா இருந்திச்சி. அதான் உன்ன மாதிரியே கண்ண மூடிக்கினேன்."

"நான் இப்ப எவ்ளோ கத்தினேன், அதுகூடக் கேக்கலியா?"

"அலைதான் கேட்டுச்சி."

ஹெலன் அவள் தலையைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்த பிறகுதான் அது உறைத்தது.

"நான் இங்க வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

ஜெஸ்ஸி பாட்டில் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"சொல்லும்மா. அம்மா திட்ட மாட்டேன்."

"அப்பாதான் இட்டாந்தாரு. போன சனிக்கிழம உனக்கு ஆபீஸ் இருந்திச்சே, அன்னிக்கு. அப்பா டெய்லி இங்கதான் வருவாராம். அந்தாண்ட, மரத்துக்கிட்ட." ஜெஸ்ஸி தோப்பின் உள்பக்கம் கையைக் காட்டினாள். "அப்போ நீ வந்தே. போனை வண்டியில வெச்சே. நான் அம்மான்னு கூப்பிட வந்தேன். அப்பா வாயைப் பொத்திட்டாரு. 'அம்மா சும்மா இருக்காங்க, கூப்பிடாதே, பாவம்'னாரு."

ஜெசிந்தா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாடி சொல்ற? அண்ணன் டூட்டிக்குப் போகலியா?"

'போன வாரத்துலேர்ந்தே வரலியே.' டெலிபோன் குரல் இப்போதுதான் ஹெலனுக்குள் போய் உட்கார்ந்தது. கேட்டில் போனை ஒப்படைத்தால் நிம்மதி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஆள், காலை முதல் இந்தத் தோப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவள் வருகிற நேரத்துக்கு மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டு, அவளுடைய கால் மணி நேரத்துக்குக் காவலும் இருந்திருக்கிறான்.

"அப்பா இங்க வந்து இன்னாம்மா பண்ணுவாரு?"

"சும்மா இருப்பாரு. அவரையும் கூப்பிடக் கூடாதாம். கூப்ட்டா அழுகை வந்துடுமாம்."

"இன்னிக்கு அப்பாவைப் பாத்தியா?"

"இல்லியே. நான் வர்றப்ப மரத்துக்கிட்ட யாருமே இல்ல."

ஹெலன் குழந்தையைத் தூக்கிக்கொண்டே தோப்பின் உள்பக்கம் நடந்தாள். ஜெசிந்தா பின்னாலேயே வந்தாள். மூன்றாவது வரிசை மரத்தடியில், ஒரு ஆள் தினம் உட்கார்ந்து உட்கார்ந்து சருகெல்லாம் அழுந்திப் போன இடம் இருந்தது. அதற்கு மேலே, சவுக்குக் கிளையில், காலையில் அவள் ஜிப்பை இழுத்துவிட்ட நீலச் சாப்பாட்டுப் பை தொங்கியது.

எட்டி எடுத்தாள். கனமாக இருந்தது. டப்பாவைத் திறக்கவே இல்லை.

போனை எடுத்து அவன் நம்பருக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆப்.

"அண்ணே!" என்று கத்த ஜெசிந்தா வாயெடுத்தாள். ஹெலன் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இரு. கத்தாதே. கொஞ்சம் கேளு."

குழந்தையைக் கீழே இறக்கவில்லை. மூச்சை மெல்ல விட்டு, கண்ணை மூடி, இருட்டிக்கொண்டு வருகிற தோப்புக்குள் காதைக் கொடுத்தாள். அலை வந்தது, போனது. காற்று வந்தது, போனது. ஏதாவது ஒரு சத்தம் வரட்டும் என்று நின்றாள். இந்தத் தடவை எது வந்தாலும் அதன் பின்னால் போவாள்.

(தொடரும்)